11 மணி நேரத்தில் 19 நிமிடம்

போன மாதம் குடும்பத்தோடு தீம் பார்க் போய் வந்தோம். நான்கு இரவு தங்கல், இரண்டு நாள் பார்க், இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் சும்மா. மகள் ஒருமுறைகூடத் தரையில் உட்கார்ந்து அழவில்லை. அம்மாவின் முழங்கால் வீங்கவில்லை. திரும்பும் வழியிலேயே மகன் அடுத்த முறைக்கான பட்டியலைப் போட ஆரம்பித்துவிட்டான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதே ஐந்து பேர் இதே பார்க்குக்குப் போய் வந்தபோது, திரும்பும் வழி முழுக்க வண்டிக்குள் யாரும் பேசவில்லை. இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில் எதை மாற்றினேன், எது சரியாக வந்தது, எது மறுபடியும் தப்பியது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன். மறப்பதற்குள் அதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

முதல் பயணத்தின்போது மகனுக்கு 8 வயது, மகளுக்கு 4, என் அம்மாவுக்கு 67.

முதல் முயற்சி

ஒரு மாதம் இரவில் உட்கார்ந்து எக்செல் ஷீட் போட்டேன். 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். காலை 10 முதல் இரவு 9 வரை 44 கட்டம், அதற்குள் 17 ரைடு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

10 மணிக்குத் திறக்கும் என்று போட்டிருந்தது, அதனால் 10 மணிக்குப் போய் நின்றோம். பை சோதனை, டிக்கெட் சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போனபோது 10:50. முதல் ரைடின் வாசல் பலகை 75 நிமிடம் என்று காட்டியது. என் ஷீட்டில் அதற்கு இரண்டே கட்டம், 30 நிமிடம். கீழே இருந்த 16 வரிகளும் அந்த இடத்திலேயே செல்லாமல் போய்விட்டன. நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வேகமாக நடந்தால் ஈடுகட்டிவிடலாம் என்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மதியம் 3 மணிக்கு, மகள் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த அந்தச் சின்ன ரோலர் கோஸ்டருக்கு வந்தோம். உயர வரம்பு 102 சென்டிமீட்டர். வீட்டில் அளந்தபோது 102.5 இருந்தாள். வாசலில் நின்ற பெண் ஊழியர் அவளை அளவுகோலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து பார்த்தார், மறுபடி நிறுத்திப் பார்த்தார். கோட்டுக்கும் அவள் தலைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. “அடுத்த முறை வாங்க கண்ணு” என்றார். மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “அப்பா, நீங்கதானே அளந்தீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இந்த இரண்டாவது பயணத்தையே செய்ய வைத்தது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்காக வாங்கிய புதுக் காலணி மகனின் இரண்டு குதிகாலையும் கடித்துக் கொப்புளம் போட்டது. அம்மா “நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க” என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர், கூட்டிச் சேர்த்தால் 3 மணி நேரத்துக்கு மேல் அங்கே தனியாக இருந்திருக்கிறார். மாலை 6 மணிக்கு மகள் தரையில் படுத்துவிட்டாள். தங்கிய இடம் 18 கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் பாதியில் போய்த் தூங்க வைத்துக் கூட்டி வரவும் வழியில்லை. 17-இல் ஏறியது 6 ரைடு.

அன்றைக்கு நேரம் எங்கே போனது

வீட்டுக்கு வந்த வாரத்தில், போனில் இருந்த படங்களை நேர வரிசையில் அடுக்கினேன். ஒவ்வொரு படத்திலும் மணி இருக்கிறது. சாப்பாட்டு ரசீதுகளிலும் மணி இருக்கிறது. இவற்றை வைத்து அந்த நாளைப் பிரித்துப் பார்த்தேன். 10 முதல் 9 வரை 660 நிமிடம். ரைடு வரிசைகளில், வாசல் வரிசையும் சேர்த்து, 265. நடந்தது 120. சாப்பாட்டுக்கு 85, அதில் பாதி சாப்பாடு வாங்கும் வரிசை. கழிப்பறை 60. ஒருவரை ஒருவர் தேடியது 35. உட்கார்ந்திருந்தது, சமாதானப்படுத்தியது 76. ரைடில் உட்கார்ந்திருந்தது 19.

இந்த 19-ஐ மனைவியிடம் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மத்த 641 நிமிஷத்துக்கு நீங்க பிளானே போடலையே” என்றாள். உண்மைதான். நான் ரைடுக்குத்தான் திட்டம் போட்டிருந்தேன். நடை, வரிசை, பசி, தூக்கம் எதற்கும் போடவில்லை. இரண்டாவது திட்டத்தை அந்த 641-இல் இருந்துதான் ஆரம்பித்தேன்.

முதலில் ஆட்களை அளந்தேன்

உயரம். வீட்டில் நான் 102.5 என்று அளந்ததில் இரண்டு தப்பு இருந்தது. ஒன்று, காலையில் எழுந்த உடனே அளந்தேன். படுத்து எழும்போது முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் நன்றாக விரிந்திருக்கும். நாள் முழுக்க நின்று நடக்க அவை அழுந்தி, மாலைக்குள் உயரம் ஒரு சென்டிமீட்டர் வரைகூடக் குறையும். இரண்டு, அளக்கும்போது தடித்த அடிப்பாகம் உள்ள காலணி போட்டிருந்தாள். பார்க்குக்கு மெல்லிய செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள்.

இப்போது அளக்கும் முறை இது. மாலை 5 மணிக்கு மேல், பார்க்குக்குப் போடப்போகும் அதே காலணியுடன், சுவரில் குதிகாலும் முதுகும் படும்படி நிறுத்துவேன். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு ஒட்டிச் செங்குத்தாகத் தலைமேல் இறக்கி, அதன் அடியில் பென்சில் கோடு. வெறும் ஸ்கேலைத் தலையில் வைத்தால் அது சாய்ந்து அரை சென்டிமீட்டர் கூட்டிக் காட்டும். மூன்று நாள் அளந்து மூன்றில் குறைந்ததை எடுத்துக்கொள்வேன்.

பெரும்பாலான பார்க்குகளின் வரம்புகள் அங்குலத்தில் பிறந்தவை. 40 அங்குலம் 102 ஆகிறது, 42 அங்குலம் 107, 44 அங்குலம் 112, 48 அங்குலம் 122, 54 அங்குலம் 137. இந்த ஐந்து கோடுகளையும் சுவரில் வரைந்துவிட்டேன். ரைடில் இருக்கும் இடுப்புத் தடுப்பும் தோள் தடுப்பும் ஒரு குறிப்பிட்ட உடலளவைப் பிடித்து வைக்கத்தான் செய்யப்பட்டவை, அதற்குக் கீழே இருக்கும் குழந்தை நழுவலாம் என்று இரண்டு பிள்ளைகளுக்கும் விளக்கினேன். இந்த முறை மகள் 110. அதாவது 102-ம் 107-ம் தாண்டியாயிற்று, 112 இல்லை. மகன் 135. அவனுக்கு 137 இல்லை. எந்தெந்த ரைடு கிடையாது என்பதை வீட்டிலேயே, சுவருக்கு முன்னால் நின்று பேசி முடித்துவிட்டோம். வாசலில் ஒருவர்கூட ஏமாறவில்லை.

நடை. முதல் பயணத்தில் என் போன் 20,000 அடி, 14 கிலோமீட்டர் காட்டியது. நான்கு வயதுக் குழந்தையின் ஒரு அடி என் அடியில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. அப்படியானால் அவள் 30,000-க்கு மேல் எடுத்து வைத்திருக்கிறாள். இந்த முறை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு நடந்து பார்த்தேன். போக்குக் காட்டாமல், தூக்கச் சொல்லாமல் நடக்கும் தூரம் 5 கிலோமீட்டர், நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தால் 6. அம்மாவுக்கு 20 நிமிடம் நடந்தால் 10 நிமிடம் உட்கார வேண்டும். மகனுக்குக் கணக்கே இல்லை, நாம் சொன்னால் ஓடுவான்.

பயம். இதை அளக்க நாடா கிடையாது. ரைடின் முன் இருக்கையில் உட்கார்ந்து எடுத்த வீடியோக்கள் யூடியூபில் கிடைக்கின்றன. அவற்றை மகளுக்குப் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். உயரமும் வேகமும் அவளை ஒன்றும் செய்யவில்லை. இருட்டும் திடீர் சத்தமும்தான் பிரச்சினை என்று தெரிந்தது. நான் நேர்மாறாக நினைத்து வைத்திருந்தேன். குழந்தைகளுக்கானது என்று நான் குறித்திருந்த இரண்டு இருட்டு ரைடுகளைப் பட்டியலிலிருந்து எடுத்தேன், ஒலி குறைக்கும் காதுறை ஒன்று வாங்கினேன்.

வரைபடமும் நூலும்

பார்க் வரைபடத்தை ஏ3 தாளில் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் ஒட்டினேன். பார்க் கொடுக்கும் படத்தில் தூரம் சரியாக இருக்காது, அழகுக்காக வரைந்தது. அதனால் செயற்கைக்கோள் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியை வைத்து இரண்டு இடங்களுக்கு நடுவே அளந்து, என் தாளில் 1 சென்டிமீட்டர் ஏறத்தாழ 25 மீட்டர் என்று கண்டுபிடித்தேன். அப்புறம் தையல் நூல் எடுத்து, பழைய எக்செல் ஷீட்டின் வரிசைப்படி ரைடு ரைடாகப் பாதையில் வைத்துக்கொண்டே போனேன். நூல் 2 மீட்டர் 90 சென்டிமீட்டர் பிடித்தது, அதாவது ஏழு கிலோமீட்டருக்கு மேல். பார்க்கின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். ரைடுகளைப் பிடித்த வரிசையில் அடுக்கியதால் வந்த வினை அது.

புதிய திட்டத்தில் பார்க்கை நான்கு துண்டாக வெட்டினேன். ஒரு வேளைக்கு ஒரு துண்டு, இரண்டு நாளில் நான்கு. நாளுக்கு நூல் 1 மீட்டர் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். நூல் காட்டுவது 2.9 கிலோமீட்டர், கழிப்பறை, வரிசை, வாசல் எல்லாம் சேர்ந்து நிஜத்தில் 6.5 வந்தது. நூல் கணக்கை இரண்டால் பெருக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு துண்டிலும் மூன்று இடங்களைப் பச்சை மையில் வட்டமிட்டேன்: நிழலில் ஒரு பெஞ்சு, ஒரு கழிப்பறை, கூரை போட்ட ஏதாவது ஒரு காட்சியரங்கு. அம்மாவுக்கான இடத்தை முதலில் குறித்துவிட்டு, அதைச் சுற்றித்தான் ரைடுகளைத் தேர்ந்தேன். இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் இரண்டு நாளிலும் அம்மா ஒரு தடவைகூட 25 நிமிடத்துக்கு மேல் தனியாக இல்லை.

நாளும் இடமும்

பள்ளி விடுமுறையை மாற்ற முடியாது. அதற்குள் வார நாட்களை எடுத்தோம், செவ்வாயும் வியாழனும். புதன் ஓய்வு. பராமரிப்புக்காக எந்தெந்த ரைடு மூடியிருக்கும் என்று பார்க்குகள் தங்கள் தளத்தில் போடுவதுண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அதைப் பார்த்து, மகனுக்குப் பிடித்த ஒன்று மூடியிருக்கும் வாரத்தைத் தவிர்த்தேன்.

தங்கும் இடம் வாசலிலிருந்து 1.2 கிலோமீட்டர். முன்பைவிட ஓர் இரவுக்குச் செலவு கூடுதல்தான். இதைப் பற்றி நானும் மனைவியும் இரண்டு நாள் பேசினோம். அவள் சொன்னதுதான் முடிவாயிற்று: மதியம் மகள் தூங்க ஒரு கட்டில் வேண்டும், அதற்காக எதை வேண்டுமானாலும் குறைக்கலாம்.

பை

எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தால் முதல் பயணத்தின் பை 7.8 கிலோ. அதையே மறுபடி நிரப்பிப் பார்த்துதான் சொல்கிறேன். மூன்று மாற்றுடை, ஒரு குடை, பெரிய கேமரா, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், இரண்டு லிட்டர் தண்ணீர், படிக்கவே படிக்காத ஒரு கையேடு.

இப்போது 3.6 கிலோ. தண்ணீர் ஒரு லிட்டர் மட்டும். உள்ளே நிரப்பிக்கொள்ளும் குழாய்கள் எங்கே என்று வரைபடத்தில் குறித்திருந்தேன். பவர் பேங்க் 10,000 போதும். குடைக்குப் பதில் மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் ஐந்து மழைக்கோட்டு. சன்ஸ்கிரீன், வெளியே கிளம்ப 15 நிமிடத்துக்கு முன்பும், பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும். போன் அலாரம் வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் இரண்டாவது தடவையை யாரும் நினைப்பதில்லை. ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு. குதிகாலில் ஒட்டும் பிளாஸ்டர் சுருள். ஆளுக்கு ஒரு ஜோடி காலுறை.

அந்தக் காலுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதியம் கால் கழுவித் துடைத்து, உலர்ந்த காலுறை மாற்றினால் மாலையில் கால் புதிதாக இருக்கிறது. ஈரமான காலுறைதான் கொப்புளத்துக்குப் பாதிக் காரணம். காலணியும் புதிது வேண்டாம்; குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகியதாக இருக்கட்டும். இரண்டு நாளில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு கொப்புளம், அதுவும் எனக்கு.

குழந்தைகளின் கையில் என் எண்ணும் மனைவியின் எண்ணும் எழுதிய பட்டை. காலையில் கிளம்பும்போது அன்றைய உடையில் இருவரையும் முழு உருவமாக ஒரு படம். கூட்டத்தில் தேட நேர்ந்தால் என்ன நிறச் சட்டை என்று அப்போது யோசிக்கக்கூடாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை பார்த்தோம். பையைத் தூக்கிக்கொண்டு, அதே காலணியில், ஒரு பெரிய பூங்காவில் அரை நாள். பையின் இடது பட்டை தோளில் அறுக்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. மகளின் காதுறை பெரிதாக இருந்து நழுவியது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தோம்.

செவ்வாய்க்கிழமை

திறக்கும் நேரத்துக்கு 45 நிமிடம் முன்பே வாசலில் நின்றோம். உள்ளே போனதும் எல்லோரும் முதலில் கண்ணில் படும் ரைடுக்கு ஓட, நாங்கள் நேராகப் பின்கோடிக்குப் போய் அங்கிருந்து ஆரம்பித்தோம். முதல் 90 நிமிடத்தில் 4 ரைடு. முதல் பயணத்தில் அதே அளவு நேரத்தில் ஒன்றுகூட முடித்திருக்கவில்லை.

இனி என் தப்பு. வரிசையை நானே கணக்குப் போட்டு அறிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். வண்டிக்கு 24 இருக்கை, 90 நொடிக்கு ஒரு வண்டி, ஆக மணிக்கு 960 பேர். முன்னால் 320 தலை இருந்தன. 20 நிமிடம் என்று எல்லோரிடமும் நம்பிக்கையாகச் சொன்னேன். ஆனது 51 நிமிடம். உள்ளே நின்றுகொண்டே எண்ணிப் பார்த்தேன். வண்டி 90 நொடிக்கு வரவில்லை, 105 நொடிக்கு வந்தது. தடுப்பு போட்டுச் சரிபார்க்க அவ்வளவு நேரம் ஆகிறது. மூன்று பேர் குடும்பம் நான்கு பேர் வரிசையில் உட்கார்ந்தால் ஓர் இருக்கை காலி. இதைவிடப் பெரியது, கூடுதல் கட்டணம் கட்டியவர்களின் தனி வரிசை மேலே வந்து சேரும் இடம். ஒரு வண்டியில் எங்கள் வரிசையிலிருந்து சராசரி 11 பேர்தான் ஏறினார்கள். 1999-இல் டிஸ்னி பூங்காக்கள் ஃபாஸ்ட்பாஸ் என்ற தனி வரிசைச் சீட்டைக் கொண்டுவந்தபோது அது டிக்கெட்டோடு சேர்ந்தது, கட்டணம் கிடையாது. இப்போது பல பார்க்குகளில் அது தனியாக விற்கப்படுகிறது. அதை வாங்காதவர்கள் தங்கள் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

அன்று மாலையே முறையை மாற்றினேன். வளைந்து வளைந்து போகும் வரிசையில் மடிப்பு எத்தனை என்று எண்ண வேண்டும். கண்ணில் படும்படி யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரு மஞ்சள் தொப்பிக்காரர் கிடைத்தார். அவர் ஒரு மடிப்பைக் கடக்க 4 நிமிடம், மொத்தம் 6 மடிப்பு, ஆக 24 நிமிடம். நாங்கள் நின்று பார்த்ததில் 26 ஆயிற்று. அதற்குப் பிறகு எதையும் இந்த முறையில்தான் அளந்தேன். வரிசை கட்டடத்துக்குள் போய் மறைந்தால் இது உதவாது. அங்கே வாசல் பலகையைத்தான் நம்ப வேண்டும்.

மகளால் ஏற முடியாத ரைடுகளுக்கு மாறி ஏறும் ஏற்பாட்டைப் பயன்படுத்தினோம். பல பார்க்குகளில் இது உண்டு, வாசல் ஊழியரிடம் கேட்க வேண்டும். நானும் மகனும் வரிசையில் போய் ஏறுவோம், மனைவி மகளோடு வெளியே இருப்பாள். நாங்கள் இறங்கியதும் மனைவி மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். கூட ஒருவர் வரலாம் என்பதால் மகன் ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை ஏறினான். முதல் பயணத்தில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், மனைவி எல்லாப் பெரிய ரைடுகளையும் விட்டுக்கொடுத்திருந்தாள்.

சாப்பாடு 11:15-க்கு. எல்லோருக்கும் பசிக்கும் முன்பே சாப்பிட்டால் வரிசையே இல்லை, 6 நிமிடத்தில் தட்டு கைக்கு வந்தது. 12:30-க்கு வெளியே வந்து அறைக்குப் போனோம். மகள் ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். அம்மா காலை நீட்டிப் படுத்தார். மகன் தூங்கவில்லை, ஜன்னலில் நின்று தூரத்தில் தெரிந்த ரோலர் கோஸ்டரின் உச்சியை எண்ணிக்கொண்டிருந்தான். 4 மணிக்குத் திரும்பினோம். வெயில் இறங்கியிருந்தது.

மாலை 5:40-க்கு இடி இடித்தது. பக்கத்தில் மின்னல் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். 50 நிமிடம் எதுவும் ஓடவில்லை. பச்சை வட்டத்தில் இருந்த காட்சியரங்குக்குள் போய் உட்கார்ந்தோம். அங்கே பார்த்த பொம்மலாட்டம்தான் இரண்டு நாளில் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது.

102 கோடு

மழை நின்றதும் அந்தச் சின்ன ரோலர் கோஸ்டருக்குப் போனோம். அதே அளவுகோல். வேறு ஊழியர். மகள் கேட்பதற்கு முன்பே போய் முதுகை ஒட்டி நின்றாள், கோடு அவள் காதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அவர் தலையசைத்தார். மஞ்சள் தொப்பிக் கணக்கில் 18 நிமிடம். வரிசையில் நின்ற நேரம் முழுக்க என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள்.

வண்டி வந்து நின்றது, கதவு திறந்தது. அவள் நகரவில்லை.

“அப்பா, நாளைக்கு ஏறலாமா?”

ஒன்றரை வருடம் நான் காத்திருந்த ரைடு அது. ஏறிவிடு, ஒன்றும் ஆகாது, ஒரே நிமிடம்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் திட்டத்தில் அந்தப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் விட்டிருந்தேன், யாராவது வேண்டாம் என்று சொன்னால் அதற்காக. சரி என்றேன். ஏறும் இடத்தில் எதிர்ப்பக்கமாக வெளியேறும் வழி இருக்கும், ஊழியரே காட்டிவிடுவார். அதன் வழியாக வந்து, வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வண்டி போவதை ஏழு முறை பார்த்தோம். எந்த இடத்தில் எல்லோரும் கத்துகிறார்கள் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று இடம்.

புதன்கிழமை ஒன்றும் செய்யவில்லை. 10 மணி வரை தூங்கினோம், துணி துவைத்தோம், அம்மாவுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டேன். ஓய்வு நாள் வீண் என்று முன்பு நினைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஐந்து பேரும் காலை 7 மணிக்கு அழைக்காமலே எழுந்து தயாரானதைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

வியாழக்கிழமை காலை மகளே வழி காட்டிக்கொண்டு போனாள். ஏறினாள். மூன்று இடத்திலும் கத்தினாள், முன்கூட்டியே தெரிந்ததால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு. இறங்கியதும் இன்னொரு முறை. பிறகு இன்னொரு முறை. மதியத்துக்கான துண்டில் இருந்த இரண்டு ரைடுகளை அதற்காக விட்டோம்.

செலவு

முதல் பயணத்தின் மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அதில் நுழைவு 41, தங்கல் 17, போக்குவரத்து 19, சாப்பாடு 15, பொம்மையும் மற்றதும் 8. இரண்டாவது பயணம் அதே அளவில் 140. நுழைவு 62, இரண்டு நாள் டிக்கெட்டில் இரண்டாவது நாள் மலிவு என்பதால் இரட்டிப்பாகவில்லை. தங்கல் 42, அதிகமாக ஏறியது இங்கேதான். போக்குவரத்து 11-ஆகக் குறைந்தது. சாப்பாடு 17, மற்றது அதே 8. பிள்ளைகள் ஆளுக்கு ஒரே பொருள், கடைசி நாள் மாலை மட்டும் என்று முன்பே பேசியிருந்தோம். முதல் முறை 6 ரைடு, இந்த முறை 23.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை நோட்டில் இருக்கின்றன. மகனுக்கு மட்டும் என்று ஒரு வேளை முழுதாக ஒதுக்கியிருக்க வேண்டும். வியாழன் மாலை நானும் அவனும் தனியாகப் போனோம், ஒன்றரை மணி நேரம்தான் கிடைத்தது. தனி ஆட்களுக்கான வரிசையில் தனித்தனியாக ஏறி, இறங்கும் இடத்தில் சந்தித்து, 4 ரைடு முடித்தோம். அவன் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் எல்லோரிடமும் சொல்கிறான். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம் என்று இரண்டாவது நாள்தான் தோன்றியது. முதல் நாளே வாசலில் கேட்டிருக்கலாம், வேண்டாம் என்பார், இருந்தாலும் கேட்டிருக்கலாம். மனைவி நிற்கும் படங்கள் மொத்தம் ஒன்பதே இருக்கின்றன, ஏனென்றால் கேமரா அவள் கையிலேயே இருந்தது. அதை வேளைக்கு ஒருவர் கைக்கு மாற்ற வேண்டும். வியாழன் காலை பலத்த காற்றில் உயரமான ரைடுகள் இரண்டு நின்றன. மழைக்கு மாற்று வைத்திருந்தேன், காற்றுக்கு வைக்கவில்லை.

சுவரில் ஐந்து கோடுகளும் அப்படியே இருக்கின்றன. நேற்று மாலை ஆறு மணிக்கு மகன் பார்க் காலணியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கெட்டி அட்டைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். 135.5. மகள் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.